உங்கள் காது, உங்கள் பொறுப்பு

காலை ஐந்தரைக்குச் சங்கு ஊதும்போது சோதனை மேசையின் ஆறு பெண்களும் தலையில் ஹெட்போனை மாட்டி முடித்திருக்க வேண்டும். ஊதிய பிறகு மாட்டுகிறவளை மேற்பார்வையாளர் பார்க்கிற பார்வை, பந்தியில் அழையாமல் வந்து உட்கார்ந்தவளைப் பார்ப்பது போல இருக்கும். வெளியே இன்னும் வெளுத்திருக்காது. வழியில் நனைந்த செருப்புகள் மேசைக்கடியில் சேறு கக்கிக்கொண்டிருக்கும். சுவருக்கு அந்தப் பக்கம் வார்ப்பு இயந்திரங்கள் பிளாஸ்டிக்கை மென்று துப்பத் தொடங்கியிருக்கும். சுவர் என்பது பேருக்குத்தான். ஆள் உயரத்துக்கு ஒரு தகரத் தடுப்பு.

இடப்பக்கத் தொட்டியிலிருந்து ஒன்றை எடுக்க வேண்டும். வயரைச் சோதனைப் பெட்டியில் செருகி, தலையில் மாட்டி, பொத்தானை அழுத்த வேண்டும். அடிவயிற்று உறுமல் போல ஓர் ஒலி கிளம்பி, மெல்ல மெல்ல மேலேறி, ஊசிமுனையாகக் கூர்ந்து மறையும். முதலில் இடக்காது, அப்புறம் வலக்காது, கடைசியில் இரண்டுக்கும் சேர்த்து ஒரு மேளத் துண்டு. கீழே உறுமலில் சரசரப்பு கேட்டால் அதற்குக் 'கொசு' என்று பெயர். மேலே உச்சியில் பிசிறடித்தால் 'விசில்'. கொசுவும் விசிலும் சிவப்புத் தொட்டிக்கு. மற்றவற்றில் தன் எண் அச்சடித்த பச்சைச் சீட்டை ஒட்டி வலப்பக்கம் தள்ள வேண்டும். அரை நிமிஷம். அப்புறம் அடுத்தது. ஒரு ஷிப்டுக்கு எழுநூறு என்று இருந்ததை இந்த வருஷம் ஆயிரத்து நூறு ஆக்கியிருந்தார்கள். மத்தியானத்துக்குள் காது மடல் இரண்டும் வெந்து சிவந்துவிடும். பஞ்சுறையின் வேர்வை நாற்றம் சோற்றுக்குக் கூடவே வரும்.

மூன்றாம் இருக்கையில் இருந்தவளைப் பாம்புக்காது என்று கூப்பிடுவார்கள். அவள் அந்தப் பெயரை மெடல் மாதிரிச் சுமந்தாள். பதினோரு வருஷ வேலை. இன்னொருத்தி மூன்று தரம் போட்டுப் பார்த்தும் பிடிபடாத கொசுவை அவள் ஒரே கேட்பில் பிடித்துச் சிவப்புத் தொட்டியில் விட்டெறிவாள். அந்த விட்டெறிதலில் ஒரு செருக்கு உண்டு. சூட்டுக்கோலால் வயர் பற்றவைக்கும் பெண்களை அவள் மனிதர்களாகவே கணக்கில் வைத்ததில்லை. புகையை மோந்து மோந்து மூளை உருகிப் போனவர்கள் என்பாள். பெட்டி மடிக்கிறவர்களுக்குக் கையிருந்தால் போதும், தலை எதற்கு என்று கேட்பாள். வார்ப்பு இயந்திரத்து ஆண்கள் அவளுக்கு மாடுகள். அந்தத் தொழிற்சாலையில் இரண்டே இரண்டு பேருக்குத்தான் காது இருக்கிறது, ஒன்று தனக்கு, இன்னொன்று கண்காணிப்புக் கேமராவுக்கு என்று அவள் சொன்னதைக் கேட்டு மற்ற ஐவரும் சிரித்தார்கள். சிரித்தது பயத்தில்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் சோதனை மேசை இருந்த இடம் வேறு. நாலு சுவரிலும் தடித்த பஞ்சுப் பலகை அறைந்து, இரட்டைக் கண்ணாடி ஜன்னலும் கனத்த கதவும் போட்ட அமைதி அறை அது. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் மூச்சு தனக்குக் கேட்கும். முதலாளி ஒருநாள் அங்கே ஐந்து நிமிஷம் நின்றார். மனசுக்கு இதமாக இருக்கிறது என்றார். மறுவாரம் அது அவருடைய அலுவலறை ஆயிற்று. சோதனை மேசை தகரத் தடுப்போரம் வந்து விழுந்தது.

முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கெட்டவனாக இருக்கவும் கொஞ்சம் முனைப்பு வேண்டும். அவருக்கு மற்றவர்கள் இருப்பது மறந்துபோகும், அவ்வளவுதான். கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன் வளையமாகத் தொங்கும். விலை உயர்ந்த வெளிநாட்டுச் சரக்கு. தன் தொழிற்சாலையில் செய்ததை அவர் ஒரு நாளும் காதில் வைத்தவர் இல்லை.

இயந்திர இரைச்சலுக்குப் பக்கத்தில் கொசு எங்கே கேட்கும்? ஒலியைக் கூட்டினார்கள். முழுக்கக் கூட்டினால்தான் கேட்டது. சாயங்காலமானால் தலை விண்விண்ணென்று தெறிக்க, பெண்கள் ஒருவருக்கும் தெரியாமல் ஒலிக் குமிழைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டார்கள். கொசுக்கள் தப்பி வெளியே போயின. மேற்பார்வையாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஆறு குமிழ்களையும் கடைசிக் கோட்டில் நிறுத்திப் பசை ஊற்றி ஒட்டிவிட்டுப் போனார். அவருக்கு எதிரொலி என்று பெயர். முதலாளி சொன்னதன் கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்வதற்காகவே சம்பளம் வாங்கிய ஜென்மம்.

பாம்புக்காதுக்கு அடுத்த நாலாம் இருக்கை, எல்லாரும் அக்கா என்று கூப்பிடுகிறவளுடையது. ஆறு பேரிலும் மூத்தவள். பாம்புக்காது சேர்ந்த நாளில் தன் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து பாதியை அவள் பக்கம் தள்ளியவள். அவளுக்குக் காது மந்தப்பட்டு ரொம்ப நாளாயிற்று. பேசினால் வாயைப் பார்ப்பாள். தப்பான இடத்தில் தலையாட்டுவாள். பாம்புக்காது அவளுக்கு டமாரம் என்று பெயர் வைத்தாள். டமாரச் செவிடு என்பதில் பாதி. விசிலடிக்கும் ஹெட்போன்கள் பச்சைச் சீட்டோடு கடைகளிலிருந்து திரும்பி வரத் தொடங்கியபோது, யாரும் சீட்டின் எண்ணைப் பார்க்குமுன் பாம்புக்காது எதிரொலியின் மேசையருகே குனிந்து, நாலாம் இருக்கையைப் பாருங்க சார், அதுக்கு இடி இடிச்சாலும் கேக்காது என்று சொன்னாள். யாரும் கேட்கவில்லை, தானாகப் போய்ச் சொன்னாள். மறுநாளே அக்காவைப் பெட்டி மடிக்கும் இடத்துக்கு மாற்றினார்கள். நாலாம் இருக்கைக்கு ஒரு புதுப்பெண் வந்தாள்.

பெட்டி மடிக்கும் இடம் சரக்கு வாசலுக்குப் பக்கம். அங்கே பேட்டரியில் ஓடும் சரக்கு வண்டி பின்னால் வரும்போது பீப் பீப் என்று கத்தும். மெல்லிய, உயர்ந்த கத்தல். அக்கா மடித்த அட்டைகளை அடுக்கிவிட்டு முதுகைத் திருப்பி நின்றாள். வண்டி கத்திக்கொண்டே வந்தது. ஓட்டினவன் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். கத்துகிற வண்டிக்கு எல்லாரும் விலகுவார்கள் என்பது அவன் நினைப்பு. அவள் இடது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

முதலாளி அமைதி அறையிலிருந்து வெளியே வந்து, இரத்தத்தில் தன் பூட்ஸ் படாமல் தள்ளி நின்று பார்த்தார்.

"காதுல பாட்டை மாட்டிக்கிட்டு நடந்தா வண்டி இடிக்காம என்ன செய்யும்?" என்றார்.

"என்ன செய்யும்?" என்றார் எதிரொலி.

அக்காவின் காதில் ஒன்றும் இல்லை. கழுத்திலும் இல்லை. அவளைத் தூக்கிய நான்கு பேருக்கும் அது தெரியும். ஆனாலும் விபத்துப் படிவத்தில் எதிரொலி அப்படியே எழுதினார்: பணி நேரத்தில் ஒலிக்கருவி அணிந்து பாட்டுக் கேட்டதால் ஏற்பட்ட கவனக்குறைவு. இந்த ஒரு வரியால் ஆஸ்பத்திரிச் செலவும் இல்லை, திரும்ப வேலையும் இல்லை என்று ஆயிற்று. பாம்புக்காதும் அன்று, டமாரத்துக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும் என்று புதுப்பெண்ணிடம் சொன்னாள். சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்து பாத்திரத்தைத் திறந்தாள். பாதியில் மூடி வைத்தாள்.

அக்கா போன பிறகும் விசில்கள் திரும்பி வந்தன. எதிரொலி ஒரு கூடை நிறையக் கொண்டுவந்து மேசையில் கொட்டினார். எல்லாவற்றிலும் மூன்றாம் எண் பச்சைச் சீட்டு. பாம்புக்காது ஒன்றை எடுத்து மாட்டிக் கேட்டாள். சுத்தமாக இருந்தது. இன்னொன்றும் அப்படியே. யாரோ என் சீட்டைத் திருடி ஒட்டியிருக்கிறார்கள், எனக்கே காது குத்துகிறீர்களா என்று அவள் கத்தியதில் வார்ப்புப் பக்கத்து ஆண்கள் எட்டிப் பார்த்தார்கள். புதுப்பெண் ஒரு ஹெட்போனை மாட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கழற்றி வைத்தாள். அந்தப் பேசாமைதான் பாம்புக்காதுக்கு ஆத்திரமூட்டியது.

வீட்டிலும் சின்னச் சின்னதாக ஏதோ நடந்துகொண்டிருந்தது. சாயங்காலம் காலேஜிலிருந்து வந்த மகள் தலை வாரச் சீப்பு கேட்டால் இவள் உப்பை எடுத்துக்கொண்டு போய் நீட்டினாள். மகள் சிரித்தாள், அப்புறம் சிரிக்கவில்லை. வாயில் என்ன கொழுக்கட்டையா, திருத்தமாகப் பேசத் தெரியாதா என்று இவள் அவளைத்தான் திட்டினாள்.

விபத்து நடந்த மூன்றாம் வாரம் தொழிற்சாலையில் காது நல நாள் வைத்தார்கள். வாசலுக்கு மேலே ஒரு துணிப் பதாகை: உங்கள் காது, உங்கள் பொறுப்பு. வெளிநாட்டில் சரக்கு வாங்குகிறவர்கள் தொழிலாளர் நலம் பற்றிப் படம் கேட்டிருந்தார்களாம். படம் எடுக்க ஒருவர், பேச ஓர் அம்மா. காது பரிசோதனை நிலையம் நடத்துகிறவர். கூலிக்குப் பேச வந்தவர் என்று பாம்புக்காது முதல் பார்வையிலேயே தள்ளிவிட்டாள். எல்லாரையும் கூடத்தில் நிற்க வைத்தார்கள். வார்ப்பு இயந்திரங்களை நிறுத்தவில்லை. காதைக் காப்பது எப்படி என்ற பேச்சு பாதிப் பேருக்குக் கேட்கவே இல்லை.

கேட்டவர்களுக்கு அது புதிதும் இல்லை. ஒலியைப் பாதிக்குச் சற்று மேலே தாண்ட விடாதீர்கள் என்றார் அந்த அம்மா. ஒரு மணி நேரம் கேட்டால் காதுக்கு ஓய்வு கொடுங்கள். சத்தமான இடத்தில் அந்தச் சத்தத்தை அமுக்குவதற்காக ஹெட்போனைக் கூட்டாதீர்கள். கை நீட்டும் தூரத்தில் நிற்கிறவர் பேசுவது கேட்காவிட்டால் உங்கள் ஒலி அதிகம். கழற்றின பிறகு காதுக்குள் இரைந்தால் அது எச்சரிக்கை. இப்படிப் போகிற செவி திரும்ப வராது. பெட்டி மடிக்கும் பெண்களின் உதடுகள் அவரோடு சேர்ந்து அசைந்தன. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் அவர்கள் மடித்துச் செருகும் துண்டுச் சீட்டில் எறும்பு எழுத்தில் இதே வரிகள்தான் இருக்கின்றன. காசு கொடுத்து வாங்குகிறவனுக்காக அச்சடித்தது.

நாலாம் இருக்கைப் புதுப்பெண் கையைத் தூக்கினாள்.

"நாங்க பத்து மணி நேரம் கேக்கறோம். முழு சத்தத்துல. எங்களுக்கு எவ்வளவு வைக்கணும்?"

அந்த அம்மா புரியாமல் விழித்தார். "பத்து மணி நேரமா? எதுக்கும்மா?"

அவருக்கு ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அது தெரிந்ததும் கூடத்தில் ஒரு சலசலப்பு. கேள்வி எல்லாம் கடைசியில் என்றார் எதிரொலி. முதலாளி மைக்கை வாங்கினார். சிரித்தார். இங்கே பதினோரு வருஷமாகக் கேட்கிற ஒருத்தி இருக்கிறாள், அவள் காதைப் போல் காது கிடையாது, அவளையே சோதித்துப் பாருங்கள், வேலையால் காது கெடுகிறதா என்று எல்லாரும் தெரிந்துகொள்ளட்டும் என்றார். பாம்புக்காது கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தாள். அவளுக்கு அது பட்டாபிஷேகம்.

இந்த இரைச்சலில் பரிசோதனை செய்ய முடியாது என்று அந்த அம்மா சொல்லிவிட்டார். அமைதியான இடம் ஒன்றுதான் இருந்தது. வேறு வழியில்லாமல் முதலாளி தன் அறைக் கதவைத் திறந்துவிட்டார். சாட்சிக்காக மற்ற சோதனைப் பெண்களும் எதிரொலியும் உள்ளே வந்து சுவரோரம் நின்றார்கள். கதவைச் சாத்தினார்கள்.

நான்கு வருஷம் கழித்து அந்த அறை. பாம்புக்காது நாற்காலியில் உட்கார்ந்தாள். சாத்தின உடனே ஒரு விசில் கேட்டது. மெல்லியதாக, இடைவிடாமல். தன் திறமையைக் காட்ட இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று தோன்றியது.

"சார், உங்க ஏசி விசில் அடிக்குது. ஆள விட்டுப் பார்க்கச் சொல்லுங்க."

அந்த அம்மா நிமிர்ந்து ஏசியைப் பார்த்தார். அது அணைந்திருந்தது. அவர் காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

ஹெட்போனை மாட்டிவிட்டு, எவ்வளவு மெல்லியதாகக் கேட்டாலும் விரலைத் தூக்கச் சொன்னார். முதலில் ஓர் உறுமல். தூக்கினாள். இன்னொன்று, கொஞ்சம் மேலே. அதற்கும் தூக்கினாள். மூன்றாவது, நான்காவது. முதலாளி கைகளைக் கட்டிக்கொண்டு தலையசைத்தார். பிறகு ஒன்றும் வரவில்லை. அவள் காத்திருந்தாள். அந்த அம்மா பெட்டியில் ஏதோ திருகிக்கொண்டிருந்தார். ஓசி மருத்துவத்துக்கு ஓட்டைப் பெட்டியைத்தான் கொண்டுவருவார்கள் என்று எண்ணி, பாம்புக்காது உதட்டைச் சுழித்தாள். சுவரோரம் நின்ற புதுப்பெண் கையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நின்றவளின் முகமும் சரியில்லை. எதற்கு இப்படிப் பார்க்கிறார்கள் இந்த மூதேவிகள்?

அந்த அம்மா அருகே வந்து ஹெட்போனைக் கழற்றினார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்றாள் பாம்புக்காது.

"முடிஞ்சிருச்சும்மா."

மேல் ஒலிகளை அவர் கூட்டிக் கூட்டிப் பெட்டியின் கடைசி எல்லை வரை போயிருந்தார். ஹெட்போனிலிருந்து கசிந்து, அந்த அமைதியில் நின்றிருந்த எல்லாருக்கும் அது கீச்சென்று கேட்டிருக்கிறது. மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு மட்டும் கேட்கவில்லை. ஏசி அடித்ததாக அவள் சொன்ன விசில் அவள் மண்டைக்குள் அடிப்பது.

முதலாளிதான் முதலில் பேசினார். அந்த வேகத்தை மெச்ச வேண்டும்.

"வீட்ல எந்நேரமும் செல்லுல பாட்டுதான் போல."

"பாட்டுதான் சார்," என்றார் எதிரொலி.

பாம்புக்காது எழுந்து நின்றாள். பதினோரு வருஷம் சுமந்த மெடல் தகரம் என்று நாலு பேர் முன்னால் தெரிந்துபோன அவமானம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கூடையிலிருந்து கொட்டிய ஹெட்போன்கள், சீப்பு, அக்காவின் கால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

"எங்கிட்ட பாட்டு கேக்கற செல்லே இல்ல சார்," என்றாள். "இங்க கேக்கறதே போதும்னு வீட்ல ஒரு ரேடியோகூட வச்சுக்கல."

இவர்கள் வேலை செய்யும் இடத்தைப் பார்க்கலாமா என்று அந்த அம்மா கேட்டார். நேரமாகிவிட்டது, டீ ஆறுகிறது என்றார் முதலாளி. அந்த அம்மா வற்புறுத்தவில்லை. ஆனால் கிளம்பும்போது பரிசோதனைக் காகிதத்தை முதலாளி நீட்டிய கையில் கொடுக்காமல் பாம்புக்காதின் கையில் கொடுத்தார். இது உங்களோடது, யாருக்கும் குடுக்க வேண்டியதில்ல, மத்தவங்களும் வந்தா பார்த்து எழுதித் தர்றேன் என்றார். காகிதத்தில் வலக்காதின் கோடு, இடமிருந்து வலமாகச் சற்று தூரம் நேராகப் போய், பள்ளத்தில் விழுவது போலச் சரிந்திருந்தது. இடக்காதின் கோடு அதற்கும் கீழே விழுந்திருந்தது.

ஷிப்டு முடிந்ததும் அவள் நேரே அக்கா வீட்டுக்குப் போனாள். சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. அக்காவும் தம்பி குடும்பமும். கட்டுப் போட்ட காலைத் தலையணைமேல் நீட்டி, அக்கா பழைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். வந்தவளைப் பார்த்தாள். உட்காரச் சொல்லவில்லை.

பாம்புக்காது தரையில் உட்கார்ந்து, "நாந்தான்க்கா உங்களைப் பத்தி அவன்கிட்ட சொன்னேன்," என்றாள்.

"என்னது?"

"நாந்தான் சொன்னேன்னேன்."

"எதை?"

மன்னிப்பு கேட்பதை முணுமுணுப்பாக முடித்துவிடலாம் என்று வந்தவளுக்கு அந்தச் சலுகைகூடக் கிடைக்கவில்லை. மூன்றாம் தடவை தொண்டை கிழியக் கத்தினாள். கீழே இஸ்திரி போடுகிறவர் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு மேலே பார்த்தது ஜன்னல் வழியே தெரிந்தது. தெருவுக்கே தெரிந்துவிட்டது. தெரியட்டும் என்று அவள் மடியிலிருந்து காகிதத்தை எடுத்து நீட்டினாள்.

அக்கா ஊசியைச் சட்டையில் குத்தி வைத்துவிட்டு அந்தக் கோடுகளை விரலால் தடவிப் பார்த்தாள்.

"நீ அவன்கிட்ட குனிஞ்சு நின்னதை அன்னைக்கே பார்த்தேன். காதுதான் போச்சு, கண்ணு இருக்குல்ல." காகிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். "டமாரம்னு கூப்பிட்டதுகூடத் தெரியும். வாயைப் பார்த்தா தெரியாதா?"

பாம்புக்காது அழுதாள். அக்கா அதைத் தடுக்கவில்லை, தேற்றவும் இல்லை. சற்று நேரம் கழித்து, அழுதது போதும் என்கிற மாதிரி அவள் தோளை விரலால் தட்டினாள்.

"உன்னை மன்னிக்கிறதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அந்தப் புதுசா வந்தவ எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா."

"காதைக் கேட்டேன்."

"நல்லா இருக்கு. அவளுக்குத்தான் எல்லாம் கேக்குது."

"இன்னும் எத்தனை நாளைக்கு?" என்றாள் அக்கா. "மொதல்ல அந்தக் குமிழைப் பேத்துப் போடுங்கடி."

மறுநாள் விடியுமுன் பாம்புக்காது மற்ற ஐந்து பேரையும் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்திப் பேசினாள். பேச்சில் மிதப்பு இல்லை. பழைய நக்கலும் இல்லை. இத்தனை நாள் அவள் வாய்க்குப் பயந்தவர்கள் நம்பத் தயங்கினார்கள். முதலில் தலையாட்டியவள் புதுப்பெண். பெட்டி மடிக்கிறவர்களிடமும் பற்றவைக்கிறவர்களிடமும் அவளே போய்ச் சொன்னாள். வார்ப்புப் பகுதி ஆண்களிடம் போகப் பாம்புக்காதுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் போனாள். அங்கே மூத்த இயந்திரக்காரர் அவள் சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுத் தன் இடக்காதைத் தொட்டுக் காட்டினார்.

"இது போய் ஆறு வருஷமாச்சு. சொன்னதுக்குப் பஞ்சு குடுத்தாங்க. வச்சுக்கச் சொல்லி." பிறகு, "மாடுகிட்ட வந்து பேசறியேன்னு பார்த்தேன்," என்றார்.

அவள் தலை குனிந்தாள். அவர் போகச் சொல்லிக் கையசைத்தார். அந்த அசைவில் சம்மதம் இருந்தது.

சங்கு ஊதியது. ஆறு பேரும் உட்கார்ந்தார்கள். பாம்புக்காது ஒரு பிளேடை எடுத்துக் குமிழைச் சுற்றியிருந்த பசையைச் சுரண்டினாள். காய்ந்த பசை சில்லுச் சில்லாகப் பெயர்ந்து விழுந்தது. பிளேடு கைமாறிக் கடைசி இருக்கை வரை போனது. ஆறு குமிழ்களும் பாதிக்கு வந்தன. ஹெட்போனை மாட்டினார்கள், பொத்தானை அழுத்தினார்கள். கேட்டதெல்லாம் வார்ப்பு இயந்திரம்தான். கழற்றினார்கள். பச்சைச் சீட்டு ஒட்டவில்லை. சிவப்புத் தொட்டியிலும் போடவில்லை. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டுக் கைகளை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

எதிரொலி ஓடி வந்தார். என்ன ஆச்சு என்றார். கேட்கவில்லை என்றார்கள். கூட்டி வை என்றார். காதுக்குக் கெடுதலாம் சார், நேத்து அந்த அம்மா சொன்னாங்களே என்றாள் புதுப்பெண். அவரிடம் திருப்பிச் சொல்ல யாருடைய வார்த்தையும் இல்லாததால் அவர் வாயைத் திறந்து மூடினார். கரையில் போட்ட மீன் அதைவிடக் கௌரவமாகச் செய்யும். பிறகு அமைதி அறையை நோக்கி நடந்தார்.

பற்றவைத்து முடித்த சரக்கு மேசைக்கு வந்து வந்து குவிந்தது. தொட்டிகள் நிறைந்து வழிந்தன. பற்றவைக்கும் பெண்கள் சூட்டுக்கோலைத் தாங்கியில் வைத்துவிட்டு எழுந்து வந்தார்கள். பெட்டி மடிக்கிறவர்களுக்குப் பெட்டியில் வைக்க ஒன்றுமில்லை, அவர்களும் வந்தார்கள். அமைதி அறைக் கதவுக்கு முன்னால் எல்லாரும் தரையில் உட்கார்ந்தார்கள்.

முதலாளி வெளியே வந்தபோது நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். கழுத்தில் ஹெட்போன் வளையம் அப்போதும் தொங்கியது. இரண்டு பேர் உள்ளே வாருங்கள், உட்கார்ந்து பேசலாம் என்றார். இத்தனை பேரும் உள்ளே வர இடம் போதாது, நீங்கள் வெளியே நின்றே பேசுங்கள் என்றாள் பாம்புக்காது.

"என்னதான் வேணும் உங்களுக்கு?"

"அந்த அறை வேணும் சார். சோதனை மேசை அங்கதான் இருந்துச்சு. அது இருந்தா பாதிச் சத்தம் போதும். மணிக்கொரு தடவை காதைக் கழட்டி வைக்க விடணும். எல்லாரையும் அந்த அம்மாகிட்ட அனுப்பணும், வார்ப்புல இருக்கறவங்களையும்." அவள் மூச்சு வாங்கினாள். "அக்கா பாட்டு கேட்டாங்கன்னு எழுதினதை அடிச்சிட்டு, நடந்ததை எழுதணும். வைத்தியமும் பார்த்து, வேலையும் திரும்பக் குடுக்கணும்."

"உன் காது போனதுக்கு நானா பொறுப்பு? வெளியே என்ன எழுதியிருக்கு, படிச்சியா?"

"படிச்சேன் சார். என் பொறுப்புன்னு எழுதியிருக்கு. அதான் குறைச்சு வச்சுட்டோம்."

யாரோ சிரித்தார்கள். இந்தத் தடவை அது பயத்தில் வந்த சிரிப்பு இல்லை. முதலாளியின் முகம் சிவந்தது. பிறகு, அவர் வியாபாரி அல்லவா, முகத்தைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் குனிந்து தணிந்த குரலில் ஏதோ சொன்னார். சோதனை மேசை ஆறு பேருக்கு மட்டும் ஏதோ செய்வதாக. மற்றவர்களை எழுப்பி அனுப்பிவிட்டால். வார்த்தைகளில் பாதிதான் அவளுக்கு விளங்கியது. விளங்கினது போதுமானதாக இருந்தது.

"கேக்கல சார்," என்றாள்.

அவர் இன்னும் நெருங்கி மறுபடி சொன்னார்.

"கேக்கல. எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லுங்க."

"எனக்கும் கேக்கல," என்றாள் பின்னாலிருந்து ஒரு பெட்டிக்காரி. பற்றவைக்கும் பெண் ஒருத்தி தனக்கும் கேட்கவில்லை என்றாள். புதுப்பெண்ணுக்கு ஒவ்வோர் எழுத்தும் கேட்டிருக்கும். அவளும் நிமிர்ந்து பார்த்து, கேக்கல சார் என்றாள். அந்த நேரத்தில் தகரத் தடுப்புக்கு அப்பால் ஒரு வார்ப்பு இயந்திரம் நின்றது. அடுத்தது. அதற்கடுத்தது. கடைசி இயந்திரமும் பெருமூச்சு விட்டு அடங்கியதும் கூடத்தில் விழுந்த அமைதியில் முதலாளி திடுக்கிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். தன் ரகசியத்தை இனி எவ்வளவு தணித்துச் சொன்னாலும் எல்லாருக்கும் கேட்கும் என்பது அவருக்குப் புரிந்தது. சொல்லவில்லை. போலீசைக் கூப்பிடுவேன், புது ஆள் எடுப்பேன், சாயங்காலத்துக்குள் எல்லாரும் வெளியே என்று பொதுவாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

யாரும் எழுந்திருக்கவில்லை. வார்ப்பு ஆண்கள் கைகளைத் துடைத்தபடி வந்து பெண்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அவர் சொன்னதைச் செய்யக்கூடியவர்தான் என்று எல்லாருக்கும் தெரியும். ஒருத்திக்குக் கைக்குழந்தை, ஒருத்திக்கு வாடகை, இன்னொருத்திக்குப் படுத்த படுக்கையாக அப்பா. அந்தக் கவலைகளையும் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்கள். பாம்புக்காதின் மண்டைக்குள் விசில் அடித்துக்கொண்டேயிருந்தது. அது இனி நிற்காது. அவளுக்கு அது தெரிந்திருந்தது.

மூன்றரைக்கு அடுத்த ஷிப்டு வந்தது. வாசலில் எதிரொலி நின்று, ஒன்றுமில்லை, நேரே அவரவர் இடத்துக்குப் போங்கள் என்று விரட்டிக்கொண்டிருந்தார். சோறு கட்டிய பைகளோடு வந்தவர்கள் நின்ற இயந்திரங்களையும், தரையில் உட்கார்ந்திருந்தவர்களையும், பெயர்ந்து கிடந்த பசைச் சில்லுகளையும் பார்த்தார்கள். மூன்றாம் இருக்கையில் மாலையில் உட்காருகிறவள் எதிரொலியைச் சுற்றிக்கொண்டு வந்து பாம்புக்காதின் முன்னால் நின்று ஏதோ கேட்டாள்.

பாம்புக்காது அவள் வாயைப் பார்த்தாள். பிறகு நகர்ந்து, பக்கத்தில் தரையைத் தட்டிக் காட்டினாள்.

"இந்தப் பக்கம் வந்து உக்காரு. எனக்கு வலது காதுலதான் கொஞ்சம் கேக்கும்."

அவள் பையை இறக்கி வைத்துவிட்டு வலப்பக்கம் உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் வந்தவர்களும் ஒவ்வொருவராக உட்காரத் தொடங்கினார்கள். பாம்புக்காது மடியிலிருந்த காகிதத்தை விரித்து, நடந்ததை முதலிலிருந்து சொன்னாள். அக்காவைக் காட்டிக் கொடுத்ததையும் விடாமல் சொன்னாள்.